வெட்டுவதா, காத்திருப்பதா, மாத்திரையா: டெஸ்மாய்டு கட்டிக்கான சிகிச்சை வழிகள்

பயாப்ஸி அறிக்கையில் டெஸ்மாய்டு என்ற சொல்லைக் கண்ட குடும்பத்தார் மருத்துவரிடம் முதலில் கேட்பது, இது புற்றுநோயா என்பதைத்தான். அக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. நார்த்திசுவில் தோன்றும் இக்கட்டியை உலக சுகாதார நிறுவனத்தின் கட்டி வகைப்பாடு, சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் இடைப்பட்ட நிலையில் வைத்திருக்கிறது. நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் தாவிப் பரவும் குணம் இக்கட்டிக்குக் கிடையாது. ஆனால் தோன்றிய இடத்தில் தசைக்குள் புகுந்து, நரம்பையும் இரத்தக் குழாயையும் சுற்றிக்கொண்டு, எல்லை தெரியாதபடி படரும். இன்னொரு குணமும் இதற்கு உண்டு. பல மாதங்களாக வளர்ந்து வந்த கட்டி, எவரும் தொடாமலேயே ஒரு கட்டத்தில் நின்றுவிடலாம், சுருங்கவும் செய்யலாம். எது வளரும், எது நிற்கும் என்பதை முதல் நாளில் எந்தப் பரிசோதனையாலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது இங்கே இவ்வளவு கடினமாக இருப்பதற்கு அதுவே காரணம். கட்டியை அறுத்தெடுக்கலாம், எதுவும் செய்யாமல் ஒழுங்காகக் கண்காணிக்கலாம், மாத்திரையோ ஊசி மருந்தோ கொடுக்கலாம், கதிர்வீச்சாலோ உறைகுளிராலோ அழிக்கலாம். இவற்றுள் எது வலிமையானது என்று கேட்பது பயன் தராது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டி, இந்த இடத்தில், இந்த மனிதரிடமிருந்து எதைப் பறிக்கக்கூடும் என்பதை ஒரு தட்டிலும், ஒவ்வொரு சிகிச்சையும் அவரிடமிருந்து எதைப் பறிக்கும் என்பதை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு நிறுத்தால், உயிருக்கோ முக்கிய உறுப்புக்கோ உடனடி ஆபத்து இல்லாத பெரும்பாலானோருக்கு முதலில் நிற்க வேண்டியது கண்காணிப்புத்தான். இவ்வாறு நான் கருதுவதற்கான காரணங்களையும், அது பொருந்தாத இடங்களையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கட்டியின் இயல்பு

கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜான் மேக்ஃபார்லேன் 1832இல் இத்தகைய வளர்ச்சியை முதன்முதலாக விவரித்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1838இல், ஜெர்மானிய மருத்துவ அறிஞர் யோகான்னஸ் முல்லர் அதற்கு டெஸ்மாய்டு என்று பெயரிட்டார். கட்டு, தசைநாண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. அறுத்துப் பார்த்தால் வெண்மையாக, நார் நாராக, தசைநாணைப் போலவே விறைப்பாக இருப்பதால் பெயர் பொருத்தமானதே. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 2 முதல் 6 பேருக்கு மட்டுமே இது வருகிறது. இருபது, முப்பது, நாற்பது வயதுகளில் இருப்பவர்களுக்கே மிகுதியாக வருகிறது. ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். மாவட்ட மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றிய ஒரு மருத்துவர்கூட ஓரிரு நோயாளிகளையே பார்த்திருக்கலாம் என்பதை நோயாளியின் குடும்பம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காயம் ஆறும்போது நார்த்திசு உயிரணுக்கள் பெருகித் தழும்பை உருவாக்குகின்றன. அவற்றைப் பெருகச் சொல்லும் கட்டளையைச் சுமப்பவற்றுள் பீட்டா கேட்டனின் என்ற புரதமும் ஒன்று. வேலை முடிந்ததும் உயிரணு அதனைச் சிதைத்துவிடும். டெஸ்மாய்டில் அந்தச் சிதைவு நடப்பதில்லை. குடும்ப வரலாறு இல்லாமல் தோன்றும் கட்டிகளில் ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதத்தில், பீட்டா கேட்டனினுக்கு உரிய சிடிஎன்என்பி1 மரபணுவில் பிறழ்வு காணப்படுகிறது. புரதம் சிதையாமல் உயிரணுவின் உட்கருவில் குவிகிறது. காயம் ஆறிய பின்னும், சில வேளைகளில் காயமே இல்லாமலும், தழும்பு வளர்ந்துகொண்டே போகிறது. மற்றொரு சிறு பங்கினருக்குப் பிறவியிலேயே ஏபிசி என்ற மரபணுவில் பிறழ்வு இருக்கிறது. இவர்களுக்குப் பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள், அதாவது உட்சுவரில் முளைக்கும் சிறு சதைத் திரள்கள், வளரும் பரம்பரை நோயும் சேர்ந்திருக்கும். அந்தப் பரம்பரை நோய் உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கு டெஸ்மாய்டு வருகிறது. ஒரு கட்டியில் இவ்விரு பிறழ்வுகளுள் ஒன்றே பொதுவாக இருக்கும் என்பதால், சிடிஎன்என்பி1 பிறழ்வு இல்லை என்று அறிக்கை வந்தால் கொலோனோஸ்கோப்பி செய்து குடலைப் பார்க்க வேண்டும். கட்டியைத் தேடி வந்தவரின் குடலில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்புகள் முன்கூட்டியே கண்டறியப்படும் வாய்ப்பு இதனால் கிடைக்கிறது. ஆகவே இந்தப் பரிசோதனையைச் செலவு என்று கருதித் தள்ளிப்போடக் கூடாது.

தழும்பை உண்டாக்கும் இயக்கமே நோயாக மாறியிருக்கிறது என்ற இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், அறுவைச் சிகிச்சையைப் பற்றிய அடுத்த பகுதி எளிதில் விளங்கும். கத்தி பட்ட இடம் ஆற வேண்டுமானால், அதே நார்த்திசு உயிரணுக்கள்தான் மீண்டும் பெருக வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு எதிரே கண்காணிப்பு

சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் டெஸ்மாய்டுக்கு முதல் விடை அறுவைதான். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றியுள்ள நல்ல திசுவையும் அகலமாகச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. தோளிலும் தொடையிலும் கழுத்திலும் இந்த விதியைக் கடைப்பிடித்தபோது தசைகளும் நரம்புகளும் சேர்ந்து போயின. கட்டியோ பலருக்குத் திரும்பி வந்தது. திரும்பி வந்ததை மீண்டும் அறுத்தார்கள். பரவாத ஒரு நோய்க்காகக் கை கால்களின் இயக்கத்தை இழந்தவர்கள் பலர். அன்றைய மருத்துவர்களைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. வளரும் கட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவர்களின் கல்விக்கு முற்றிலும் முரணானது. அறுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அப்போது தரவும் இல்லை.

அந்தத் தரவு பிற்பாடு வந்தது. சார்க்கோமா எனப்படும் மென்திசு, எலும்புப் புற்றுநோய்களை ஆராயும் பிரான்சின் குழுவினர் நாடு முழுவதிலிருந்தும் 771 டெஸ்மாய்டு நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வை, இந்த முடிவை எடுக்க வேண்டிய எவருக்கும் முதலில் விளக்கிச் சொல்வேன். கட்டி திரும்புதல், வளர்தல், சிகிச்சையை மாற்ற நேர்தல் போன்ற எதுவும் நிகழாமல் இரண்டு ஆண்டுகளைக் கடந்தோர், முதலில் அறுவை செய்துகொண்டவர்களில் 53 சதவீதம். அறுவை செய்யாதவர்களில் 58 சதவீதம். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், கத்தி எதையும் கூடுதலாகத் தரவில்லை. கட்டி இருந்த இடத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது படம் மேலும் தெளிவானது. வயிற்றுச் சுவர், மார்பகம், கால் போன்ற இடங்களில் இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தோள், மார்புச் சுவர், கழுத்து போன்ற இடங்களிலோ, அறுவை செய்யாதவர்களில் 52 சதவீதத்தினர் தொல்லையின்றி இரண்டு ஆண்டுகளைக் கடந்திருக்க, அறுவை செய்துகொண்டவர்களில் 25 சதவீதத்தினரே கடந்தனர். இது சீட்டுப்போட்டுப் பிரித்து நடத்திய சோதனை அன்று. கடினமான கட்டிகள் ஒரு பக்கத்தில் கூடுதலாகச் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. ஆயினும் தோளில் கட்டியோடு இருக்கும் ஓர் இளைஞரிடம், நாளையே அறுத்துவிடலாம் என்று சொல்வதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் அவருக்குக் காட்டாமல் இருப்பது முறையாகாது.

கண்காணிப்பின் பக்கத்துத் தரவும் வலுப்பெற்றிருக்கிறது. இத்தாலியிலும் நெதர்லாந்திலும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை, ஒவ்வொரு ஆய்விலும் நூறு பேருக்குச் சற்று மேலாக, சிகிச்சை ஏதுமின்றித் திட்டமிட்ட ஸ்கேன்களோடு பின்தொடர்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே சிகிச்சை தேவைப்பட்டது. எஞ்சியோரில் பலருக்குக் கட்டி அப்படியே நின்றது. கணிசமானோருக்குத் தானாகச் சுருங்கியது. வளர்ந்துவிட்டது என்று ஸ்கேனில் பதிவான சிலருக்கும், பொறுத்துப் பார்த்தபோது பின்னர் அது சுருங்கத் தொடங்கியது. ஒரு ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தவுடன் சிகிச்சைக்குப் பாய வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில், நோயாளிகளின் சங்கங்களும் மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கி 2020இல் வெளியிட்ட உலகளாவிய வழிகாட்டி, முதற்படி கண்காணிப்பே என்று கூறுகிறது. கண்டறிந்த பின் ஓரிரு மாதங்களில் முதல் எம்ஆர்ஐ ஸ்கேன், அதன்பின் மூன்று முதல் ஆறு மாத இடைவெளிகளில் அடுத்தடுத்த ஸ்கேன்கள் என்பது அது சொல்லும் ஒழுங்கு. வளர்ச்சி தொடர்ந்து உறுதிப்பட்டாலோ, வலியும் தொல்லையும் மிகுந்தாலோதான் அடுத்த படி.

கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கைவிட்டுவிட்டார்கள் என்று அஞ்சும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. உள்ளே ஒரு கட்டி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அடுத்த ஸ்கேன் வரை உறங்க வேண்டியிருக்கும் மனிதரின் துயரத்தை எந்த எண்ணும் குறைத்துவிடாது. கண்காணிப்பு பறித்துக்கொள்வது மன அமைதியை. அது சிறிய விலை அன்று. வலி உள்ளவருக்குக் கண்காணிப்புக் காலத்திலும் வலிக்கு மருந்து, இயன்முறைப் பயிற்சி, மன ஆறுதலுக்கான ஆலோசனை ஆகியவை கட்டாயம் கிடைக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவதைக் கண்காணிப்பு என்று அழைக்கக் கூடாது.

அறுவையை முற்றாக ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் தவறு. மகப்பேற்றுக்குப் பின் வயிற்றுச் சுவரில் தோன்றும் கட்டி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே நரம்பு முடிச்சுகள் இல்லை. எடுத்த இடத்தை வலை வைத்து மூடிவிட முடியும். திரும்பி வரும் வாய்ப்பும் பிற இடங்களைவிடக் குறைவு. கண்காணித்தும் வளர்ந்துகொண்டே போனால் அந்தப் பெண்ணுக்கு அறுவை நியாயமான, பல நேரங்களில் மாத்திரையைவிட நல்ல தேர்வு. அப்போதும் கட்டியின் விளிம்பைத் துரத்திக்கொண்டு போய் இயக்கத்தை இழக்கும் பழைய முறை வேண்டாம். நுண்ணோக்கியில் விளிம்பில் சில உயிரணுக்கள் எஞ்சியிருப்பதாகத் தெரிந்தாலும், அத்தகையோருள் பலருக்குக் கட்டி திரும்புவதில்லை. அதற்காகவே இரண்டாவது முறை வயிற்றைத் திறப்பது தேவையற்றது.

மருந்துகளுக்குள் ஒப்பீடு

கண்காணிப்பு போதாது என்று முடிவானால், இன்று பெரும்பாலும் அடுத்து வருவது மருந்து. இங்கேதான் தேர்வு செறிவாக இருக்கிறது. பணமும் இங்கேதான் குறுக்கிடுகிறது.

சோராஃபெனிப் என்ற மாத்திரை கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்காக உருவானது. டெஸ்மாய்டில் அதனைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 87 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் வரை கட்டி வளராமல் இருந்தோர், மாத்திரை எடுத்தவர்களில் 81 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 36 சதவீதம். குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது முறையே 33 சதவீதத்தினருக்கும் 20 சதவீதத்தினருக்கும். இந்த 20 சதவீதத்தைக் கவனிக்க வேண்டும். மருந்தே இல்லாத மாத்திரையை விழுங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. எந்த மூலிகையோ உணவு முறையோ தன் டெஸ்மாய்டைக் கரைத்துவிட்டது என்று ஒருவர் உளமார நம்பிச் சொல்வதைக் கேட்கும்போதும் இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கட்டி தன் இயல்பால் சுருங்கியிருக்கக்கூடும்.

நிரோகாசெஸ்டாட் என்பது புதிய மாத்திரை; காமா செக்ரெட்டேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. 142 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023 மார்ச் மாதம் வெளியானது. அதே ஆண்டு நவம்பர் 27 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. டெஸ்மாய்டுக்கென்றே அங்கு ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான். இரண்டு ஆண்டுகளில் நோய் முன்னேறாமல் இருப்பதற்கான வாய்ப்பு மாத்திரைக்கு 76 சதவீதம், போலி மாத்திரைக்கு 44 சதவீதம். சுருங்கியது 41 சதவீதத்தினருக்கும் 8 சதவீதத்தினருக்கும். மாத்திரை எடுத்தவர்களில் 7 சதவீதத்தினருக்குக் கட்டி ஸ்கேனில் முற்றிலும் மறைந்தது. வலி குறைந்ததும் அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றல் கூடியதும் அளந்து காட்டப்பட்டன. வலியால் துன்பப்படுபவருக்கு ஸ்கேன் அளவைவிட இது பெரியது.

இவ்விரு சோதனைகளின் எண்களை அருகருகே வைத்து, 81 பெரிதா 76 பெரிதா என்று பார்த்து முடிவெடுப்பது தவறான வழி. நிரோகாசெஸ்டாட் சோதனையில் ஓராண்டுக்குள் கட்டி வளர்ந்திருப்பது ஸ்கேனில் உறுதியானவர்களே சேர்க்கப்பட்டனர். சோராஃபெனிப் சோதனையில் வலியோ தொல்லையோ உள்ளவர்களும் சேர்ந்தனர். போலி மாத்திரைக் குழுவில் சுருங்கியோர் ஒன்றில் 20 சதவீதமும் மற்றொன்றில் 8 சதவீதமுமாக இருப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனையில்லாதபோது, தேர்வைப் பெரும்பாலும் பக்கவிளைவுகளைக் கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது.

சோராஃபெனிப்பில் தோலில் தடிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், களைப்பு, இரத்த அழுத்தம் கூடுதல், வயிற்றுப்போக்கு ஆகியவை அடிக்கடி வரும். நின்றுகொண்டே வேலை செய்பவருக்கும், கைவேலையால் வாழ்பவருக்கும் உள்ளங்கை எரிச்சல் பிழைப்பையே பாதிக்கும். நிரோகாசெஸ்டாட்டில் வயிற்றுப்போக்கு பத்தில் எட்டுப் பேருக்கு வந்தது. குமட்டலும் களைப்பும் பாதிப் பேருக்கு. அதைவிடக் கவலைக்குரியது, மாதவிடாய் நிற்காத வயதில் இருந்த 36 பெண்களில் 27 பேருக்குச் சினைப்பையின் இயக்கம் பாதிக்கப்பட்டது. அவர்களுள் 20 பேருக்கு அந்தப் பாதிப்பு நீங்கிவிட்டது என்று அன்று பதிவாயிற்று. டெஸ்மாய்டு மிகுதியாகத் தாக்குவது குழந்தை பெறும் வயதுப் பெண்களை என்பதால், இந்த எண்ணை மெதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. இன்னும் குழந்தை வேண்டும் என்று விரும்பும் பெண்ணிடம், மருந்தைத் தொடங்கும் முன் கருமுட்டைச் சேமிப்பைப் பற்றிப் பேச வேண்டியது மருத்துவரின் கடமை. இரண்டு மாத்திரைகளும் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை. எடுத்துக்கொள்ளும் காலத்தில் கருத்தடை அவசியம்.

இனிப் பணம். நிரோகாசெஸ்டாட்டின் அமெரிக்க விலை, இந்தியாவில் கைக்காசில் மருந்து வாங்கும் குடும்பத்தின் கணக்குக்குள் அடங்காதது. சோராஃபெனிப்பின் கதை வேறு; அது இந்திய மருந்து வரலாற்றின் ஒரு முக்கியப் பக்கம். பேயர் நிறுவனம் அதனை நெக்ஸாவர் என்ற பெயரில் மாதத்துக்கு 2,80,000 ரூபாய்க்கும் மேலான விலையில் விற்றுவந்தபோது, 2012 மார்ச் 9 அன்று இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர், ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு காப்புரிமை உள்ள மருந்தைப் பிறர் தயாரித்து விற்க அனுமதிக்கும் கட்டாய உரிமத்தை நாட்டிலேயே முதன்முறையாக வழங்கினார். 120 மாத்திரைகள் கொண்ட ஒரு மாத மருந்தின் விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அந்தக் கணக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மாத்திரைகள் நான்கு என்ற கல்லீரல் புற்றுநோய் அளவுக்கானது. டெஸ்மாய்டு சோதனையில் கொடுக்கப்பட்டதோ நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், அதாவது இரண்டு மாத்திரைகள். அன்று கல்லீரல் நோயாளிகளை மனத்தில் வைத்து எடுத்த அந்த முடிவின் பயன், அரிதிலும் அரிதான இந்த நோயாளிகளையும் வந்தடைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இன்று மாத்திரை என்ற வழி திறந்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

பழைய ஊசி மருந்துகளும் ஒதுக்கத்தக்கவை அல்ல. மெத்தோட்ரெக்சேட்டையும் வின்பிளாஸ்டினையும் குறைந்த அளவில் வாரந்தோறும் ஏறத்தாழ ஓராண்டு கொடுக்கும் முறை, குழந்தைகளுக்கும் இளையோருக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. முடி கொட்டுவது குறைவு, விலையும் குறைவு, பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். பிரான்சில் பசோபனிப் மாத்திரையோடு இதனை ஒப்பிட்ட சோதனை 2019இல் வெளியானது. ஆறு மாதத்தில் வளராமல் இருந்தோர் மாத்திரைக்கு 83.7 சதவீதம், ஊசிக்கு 45 சதவீதம். கட்டி விரைவாகச் சுருங்கியே ஆக வேண்டும், மூச்சுக்குழலையோ குடலையோ அழுத்துகிறது என்ற நிலையில் டாக்ஸோருபிசின் வகை மருந்து, குறிப்பாகக் கொழுப்புறைக்குள் அடைத்த வடிவம், முன்னுக்கு வருகிறது; இதயத்துக்கு அது தரும் சுமையால் வாழ்நாளில் கொடுக்கத்தக்க மொத்த அளவுக்கு வரம்பு உண்டு. மருந்துகளுள் ஒரு காலத்தில் முதலில் கொடுக்கப்பட்ட டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மருந்துகளும் வீக்கத்துக்கான மாத்திரைகளும் சோதனைகளில் தேறவில்லை. மலிவானவை என்பதற்காக இவற்றிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்பதில் பொருளில்லை.

கதிர்வீச்சும் உறைகுளிரும்

கதிர்வீச்சு கட்டியை அடக்கும் என்பதில் ஐயமில்லை. ஐரோப்பியக் கூட்டு ஆய்வொன்றில் 44 பேருக்கு 28 தவணைகளில் மொத்தம் 56 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தபோது, மூன்று ஆண்டுகளில் 81.5 சதவீதத்தினருக்குக் கட்டி அடங்கியிருந்தது. ஆனால் கதிர்வீச்சு பட்ட இடத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் உண்மையான புற்றுநோய் தோன்றும் சிறு அபாயம் உண்டு, மூட்டு இறுகும், தோல் தடிக்கும். உயிரைப் பறிக்காத நோயுள்ள இருபத்தைந்து வயது இளைஞருக்கு இந்த வழியை முதலில் எடுத்துக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். வேறு வழிகள் அடைபட்ட மூத்தவருக்கு இது நல்ல வழி.

தோல் வழியாக ஊசிகளைச் செலுத்திக் கட்டியை உறைய வைக்கும் கிரையோ அப்லேஷன் முறையைப் பிரான்சில் 50 பேரிடம் சோதித்தபோது, ஓராண்டு முடிவில் 86 சதவீதத்தினருக்குக் கட்டி வளரவில்லை. முந்தைய சிகிச்சைகளுக்கு அடங்காதவர்களும் வலியால் துன்புற்றவர்களுமே அதில் இருந்தனர் என்பதால் இது நம்பிக்கை தரும் எண். நரம்புக்கும் குடலுக்கும் எட்ட நிற்கும், அளவில் நடுத்தரமான கட்டிக்கு இது பொருந்தும். செய்து பழகிய மருத்துவர் இருக்கும் இடம்தான் அரிது.

இடத்துக்கு இடம் மாறும் தீர்ப்பு

மேலே சொன்னவற்றைத் தோளில் கட்டியுள்ளவருக்குப் பொருத்தினால் வரிசை எளிது: முதலில் கண்காணிப்பு, வளர்ச்சியோ வலியோ உறுதிப்பட்டால் மாத்திரை, வசதியிருந்தால் உறைகுளிர், கத்தி கடைசியில். வயிற்றுச் சுவரில் உள்ளவருக்குக் கண்காணிப்புக்குப் பின் அறுவை முன்னே வரலாம். அந்தப் பெண் மீண்டும் கருத்தரிக்கலாமா என்ற கேள்வி தவறாமல் எழும். கர்ப்பக் காலத்தில் கட்டி வளர்வது உண்டு; பெற்ற பிறகு தானாகச் சுருங்குவதும் உண்டு. டெஸ்மாய்டைக் காரணம் காட்டி இனிக் குழந்தையே வேண்டாம் என்று தடுக்க மருத்துவச் சான்று இடம் தரவில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் அவ்வாறு தடுத்துவிடும் வாய்ப்பு இருப்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

குடலை வயிற்றின் பின்சுவரோடு இணைத்துத் தாங்கும் குடல்தாங்கி மடிப்பில் வளரும் கட்டி இந்த அமைதியான வரிசையைக் குலைக்கக்கூடியது. குடலை அடைக்கலாம், துளைக்கலாம், சிறுநீர்க் குழாயை நெரித்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். பரம்பரைப் பாலிப் நோயுள்ளவர்களுக்கு இந்த இடத்தில்தான் கட்டி மிகுதியாக வருகிறது. பெருங்குடலை எடுக்கும் அறுவைக்குப் பின் வரும் சில ஆண்டுகளில் அது தோன்றுவது வழக்கம். குடற்புற்றுநோயிலிருந்து காப்பதற்காகச் செய்த அறுவையே இன்னொரு துன்பத்துக்கு வித்தாகிறது. இத்தகையோரிடம் கண்காணிப்பின் இடைவெளி குறுகியதாக இருக்க வேண்டும். மருந்தைத் தொடங்கும் வரம்பும் தாழ்ந்திருக்க வேண்டும். அறுவை என்றால் குடலின் இரத்த ஓட்டத்தையே பணயம் வைப்பது என்பதால், அதில் தேர்ந்தவர்கள் மட்டுமே கைவைக்க வேண்டும். கழுத்தில் மூச்சுக்குழலை ஒட்டி வளரும் கட்டிக்கும் இதே அவசரம் பொருந்தும்.

இந்த ஒப்பீடு எதுவும் பயன்பட வேண்டுமானால், முதலில் நோயின் பெயர் சரியாக இருக்க வேண்டும். தழும்புத் திசு என்றும், நார்ப் புற்றுநோய் என்றும் டெஸ்மாய்டு மாறித் தீர்ப்பளிக்கப்படுவது அரிதல்ல. தடிமனான ஊசியால் எடுத்த திசு மாதிரியில் பீட்டா கேட்டனின் சாயப் பரிசோதனையும், இயன்றால் மரபணுப் பரிசோதனையும் செய்து, மென்திசுக் கட்டிகளில் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர், திசு வைத்த கண்ணாடி வில்லையை மறுபடி பார்க்க வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போல அறுவை, மருந்து, கதிர்வீச்சு மருத்துவர்கள் சேர்ந்து பணியாற்றும் ஓரிடத்தில் ஒருமுறையாவது கருத்துக் கேட்பது, அங்கேயே சிகிச்சை பெறாவிட்டாலும், பயணச் செலவுக்குத் தகும். பெரும்பாலான டெஸ்மாய்டுகள் அந்தப் பயணத்துக்கான சில வாரங்களைத் தருபவை.

அங்கே செல்லும்போது திசு வில்லைகளையும் பழைய ஸ்கேன்களின் குறுந்தகட்டையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கண்காணிப்பே முடிவானால், அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில், எந்த வலியோ மரத்துப்போதலோ வாந்தியோ வந்தால் அதற்கு முன்பே வர வேண்டும், எவ்வளவு வளர்ந்தால் எந்த மருந்து தொடங்கப்படும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண் எது என்ற நான்கையும் மருத்துவரின் கையெழுத்தில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.